மண்பாதைக்கு ஒரு பழைய பிக்கப்: மேலே பார்ப்பதற்கு முன் கீழே பாருங்கள்

பழைய பிக்கப் டிரக் ஒன்றை வாங்கி, தார்ச்சாலை முடிந்த பிறகும் கொஞ்ச தூரம் போய்வர வேண்டும் என்று நினைப்பவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது எந்த மாடல் நல்லது என்பதைத்தான். டொயோட்டா ஹைலக்ஸ், இசுசு டி-மேக்ஸ், ஃபோர்ட் ரேஞ்சர், மிட்சுபிஷி டிரைட்டன், நிசான் நவாரா என்று பெயர்களை அடுக்கி, எது எதை வெல்லும் என்று மணிக்கணக்கில் வாதிடலாம், நானும் வாதிட்டிருக்கிறேன். ஆனால் சரளைப் பாதை, மழையில் குழைந்த வண்டித்தடம், ஈரப் புல்வெளி, முழங்காலுக்குக் கீழே ஓடும் ஓடை, அவ்வப்போது கொஞ்சம் மணல் என்ற அளவில் நின்றுவிடும் பயணங்களுக்கு இவற்றில் எதுவும் போதும். தொழிற்சாலையை விட்டு வெளியே வந்த நாளில் இவை ஒவ்வொன்றுக்கும் அந்தத் திறன் இருந்தது. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து நம்மிடம் வரும்போது அதில் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்பதற்குத்தான் நாம் விலை பேசுகிறோம். ஆகவே பேர்போன மாடலில் களைத்துப்போன வண்டி ஒன்றும், சுமாரான மாடலில் ஒழுங்காகப் பராமரிக்கப்பட்ட வண்டி ஒன்றும் பக்கத்தில் பக்கத்தில் நின்றால், இரண்டாவதையே நான் தயக்கமின்றி எடுப்பேன்.

இந்தப் பிக்கப்புகள் எல்லாவற்றின் அடிப்படையும் ஒன்றே. நீளவாக்கில் இரண்டு எஃகுச் சட்டங்கள், அவற்றை இணைக்கும் குறுக்குச் சட்டங்கள், சேஸிஸ் எனப்படும் அந்தச் சட்டகத்தின் மேல் தனித்தனியாகப் போல்ட் போட்டு அமர்த்திய கேபினும் சரக்குப் பெட்டியும். எஞ்சினை மாற்றலாம், கியர் பெட்டியை மாற்றலாம், கதவைக்கூட இன்னொரு வண்டியிலிருந்து கழற்றி மாட்டலாம். சேஸிஸ் அரித்துப்போனால் மிச்சமிருப்பது உதிரிபாகக் குவியல்தான். பனிக்காலத்தில் சாலையில் உப்புத் தூவும் நாடுகளிலிருந்து வந்த வண்டிகளுக்கும், கடற்கரையை ஒட்டி ஓடிய வண்டிகளுக்கும் இந்த ஆபத்து மிக அதிகம். பெயர் பெற்ற நிறுவனம் என்பதால் இதிலிருந்து தப்பிவிட முடியாது. அமெரிக்காவில் 2005 முதல் 2010 வரையிலான டகோமா பிக்கப்புகளின் சேஸிஸ் துருப்பிடித்தது தொடர்பான வழக்கில், 2016இல் டொயோட்டா ஒரு பெரிய சமரசத்துக்கு ஒப்புக்கொண்டு, அரித்துப்போன சேஸிஸ்களை மாற்றித் தர முன்வந்தது. பிரிட்டனில் முந்தைய தலைமுறை நவாராக்கள் சிலவற்றின் சேஸிஸ் துருவால் நலிந்து, ஓடிக்கொண்டிருக்கும்போதே நடுவில் முறிந்த செய்திகள் வந்தன. இதைப் படித்துவிட்டு அந்த மாடல்களையே ஒதுக்க வேண்டியதில்லை; சேஸிஸ் மாற்றப்பட்ட டகோமா ஒன்று, அதற்கான ஆவணத்தோடு கிடைத்தால், அது மாற்றப்படாததைவிட நல்ல வாங்கல்.

ஆகவே பார்க்கப் போகும்போது பழைய உடையும், நல்ல டார்ச் விளக்கும், சிறிய சுத்தியலும் கொண்டு போக வேண்டும். வண்டியின் கீழே படுத்து, பின்பக்க லீஃப் ஸ்பிரிங்குகளைத் தாங்கும் கொக்கிகள், பின்சக்கரத்துக்கு மேலே சேஸிஸ் வளைந்து ஏறும் இடம், குறுக்குச் சட்டங்கள் சேரும் மூலைகள், எரிபொருள் தொட்டிக்கும் சேஸிஸுக்கும் இடையிலுள்ள இடுக்கு ஆகியவற்றை நிதானமாகப் பார்க்க வேண்டும். பெட்டி வடிவச் சேஸிஸ்கள் பெரும்பாலும் உள்ளிருந்து வெளியே அரிப்பவை. சேறு உள்ளே புகுந்து, வெளியேறும் துளைகள் அடைபட்டு, ஈரம் தங்கிவிடுவதே காரணம். அந்தத் துளைகள் வழியே டார்ச்சை அடித்து உள்ளே பார்த்தால் நிலைமை தெரியும். மேற்பரப்பில் படிந்த செந்நிறத் துரு கவலைப்பட வேண்டியதல்ல, தேய்த்துப் பூச்சுப் பூசலாம். அடுக்கடுக்காக உரியும் துருதான் ஆபத்தானது. சுத்தியலால் மெதுவாகத் தட்டினால் நல்ல எஃகு கணீரென்று ஒலிக்கும். நலிந்த எஃகு மந்தமாக ஒலிக்கும், சில நேரம் செதிலாக உதிரும். நேற்றுப் பூசியது போலப் பளபளக்கும் கறுப்புப் பூச்சைக் கீழே கண்டால், விற்பவர் வண்டியின் மேல் கொண்ட அன்பால் பூசியிருக்கலாம். ஆனால் அந்த அன்பு விற்பதற்கு முந்தைய வாரத்தில் வந்ததா என்று கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

துருவுக்கு அடுத்தபடி சேஸிஸைக் கெடுப்பது சுமை. பிக்கப் என்பது பாரம் ஏற்றும் வண்டி. அதன் முந்தைய உரிமையாளர் மணலும் செங்கல்லும் ஏற்றினாரா, கனமான டிரெய்லரை இழுத்தாரா என்பதை வண்டியே சொல்லும். சமதளத்தில் நிறுத்தி, கேபினுக்கும் சரக்குப் பெட்டிக்கும் இடையிலான இடைவெளியைப் பக்கவாட்டில் இருந்து பாருங்கள். மேலிருந்து கீழ்வரை அது ஒரே அகலத்தில் இருக்க வேண்டும். மேலே அகன்றும் கீழே குறுகியும் இருந்தால் பெட்டி பின்புறமாகச் சரிந்திருக்கிறது. கேபினுக்குப் பின்னால் சேஸிஸ் வளைந்திருக்கக்கூடும். லீஃப் ஸ்பிரிங்குகள் வெறும் வண்டியிலேயே தட்டையாகவோ எதிர்ப்பக்கம் வளைந்தோ இருப்பது, ஒரு பக்கம் தாழ்ந்து நிற்பது, தகடுகளில் ஒன்றில் விரிசல் தெரிவது, தொழிற்சாலையில் இல்லாத கூடுதல் தகடு சேர்க்கப்பட்டிருப்பது எல்லாமே அதே கதையின் வெவ்வேறு பக்கங்கள். ஸ்பிரிங்கை மாற்றுவது எளிது. வளைந்த சேஸிஸைப் பார்த்தால் நன்றி சொல்லிவிட்டுப் புறப்படுவதே சரி.

நான்கு சக்கர இயக்கம் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பழைய வண்டி வாங்குபவர்கள் ஏமாறும் இடம் பெரும்பாலும் இதுவே. பெரும்பாலான பிக்கப்புகளில் இருப்பது தேவைப்படும்போது மட்டும் போடும் வகை. சாதாரணமாகப் பின்சக்கரங்கள் மட்டும் இழுக்கும். நெம்புகோலையோ குமிழையோ மாற்றினால் விசையை முன்னுக்கும் பின்னுக்கும் பிரித்தனுப்பும் டிரான்ஸ்ஃபர் கேஸ் முன் ஆக்ஸிலையும் பின் ஆக்ஸிலையும் விறைப்பாக இணைத்துவிடும். வளைவில் திரும்பும்போது முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிட நீண்ட தூரம் உருள வேண்டும். இரு பக்கமும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் டிஃபரன்ஷியல் என்ற பற்சக்கர அமைப்பு நடுவில் இல்லாததால் அந்த வேறுபாட்டைச் சக்கரங்கள் வழுக்கித்தான் ஈடுகட்ட முடியும். மண்ணிலும் சரளையிலும் அது இயல்பாக நடக்கும். காய்ந்த தார்ச்சாலையில் சக்கரம் வழுக்காது. விசை முழுவதும் ஷாஃப்டுகளிலும் பற்சக்கரங்களிலும் முறுக்காக ஏறி நிற்கும். அப்படியே பல மாதம் ஓட்டிய ஒருவரின் வண்டியில் டிரான்ஸ்ஃபர் கேஸ் தேய்ந்திருப்பதில் வியப்பில்லை. மிட்சுபிஷியின் சூப்பர் செலக்ட் அமைப்பு இதற்கு விதிவிலக்கு: அதில் நடு டிஃபரன்ஷியல் உண்டு என்பதால் தார்ச்சாலையிலும் நான்கு சக்கர இயக்கத்தில் ஓட்டலாம். மழை அதிகமுள்ள இடங்களில் இது பெரிய வசதி. ஆனால் எல்லா டிரைட்டன்களிலும் அது இல்லை. எளிய ரகங்களில் சாதாரண அமைப்பே உள்ளது, எனவே பெயரைப் பார்த்து நம்பாமல் குமிழில் எழுதியிருப்பதைப் பார்க்க வேண்டும்.

லோ ரேஞ்ச் எனப்படும் தாழ்கியர் வரிசை இன்னொரு விஷயம். பெரும்பாலான நடுத்தரப் பிக்கப்புகளில் இது கியர் விகிதத்தை 2.5 மடங்கை ஒட்டியோ சற்றுக் கூடுதலாகவோ தாழ்த்துகிறது. ஹைலக்ஸில் ஏறக்குறைய 2.57. வேகத்தைக் குறைத்து விசையைக் கூட்டும் இந்த வசதி ஏற்றத்துக்குத்தான் என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு அது இறக்கத்தில்தான் அதிகம் உதவியிருக்கிறது: வழுக்கும் சரிவில் பிரேக்கைத் தொடாமல், எஞ்சினின் பிடிப்பிலேயே நடை வேகத்தில் இறங்க முடிவது சேற்றுப் பாதையில் பெரிய நிம்மதி. முதல் தலைமுறை ஃபோக்ஸ்வாகன் அமரோக்கின் 8 கியர் ஆட்டோமேட்டிக் ரகத்தில் லோ ரேஞ்ச் கிடையாது. நிரந்தர நான்கு சக்கர இயக்கமும் தாழ்வான முதல் கியரும் அதற்குப் பதிலாக வேலை செய்கின்றன. இலேசான பயன்பாட்டுக்கு அது போதும் என்றே நினைக்கிறேன், ஆனால் லோ ரேஞ்ச் உண்டு என்று நம்பி வாங்கிவிடக் கூடாது.

இவை எல்லாம் இருக்கின்றனவா என்பதைவிட வேலை செய்கின்றனவா என்பதே கேள்வி. பத்து ஆண்டு தார்ச்சாலையிலேயே ஓடிய வண்டியில் நான்கு சக்கர இயக்கத்தை ஒருமுறைகூடப் போட்டிருக்க மாட்டார்கள். அதை இயக்கும் சிறு மோட்டாரோ வெற்றிடக் குழாயோ துருவேறிச் செயலிழந்திருக்கும். விற்பவரிடம் முன்கூட்டியே சொல்லி, பக்கத்தில் சரளையோ மண்தரையோ உள்ள இடத்துக்கு வண்டியைக் கொண்டுபோங்கள். முதலில் நான்கு சக்கர இயக்கத்தைப் போட்டு, விளக்கு மின்னுவதை நிறுத்தி நிலையாக எரிகிறதா என்று பாருங்கள். விளக்கு எரிவது மட்டும் சான்றாகாது. மெதுவாகக் கூர்மையாகத் திருப்பும்போது ஸ்டீயரிங் கனத்து, வண்டி சற்றே இடறுவது போலத் தெரிந்தால்தான் முன் ஆக்ஸில் உண்மையில் இணைந்திருக்கிறது. பிறகு வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் வைத்து, லோ ரேஞ்சுக்கு மாற்றுங்கள். முன்னும் பின்னும் சில மீட்டர் ஓட்டும்போது கடகடப்போ பற்கள் நழுவும் உணர்வோ இருக்கக் கூடாது. ரிவர்ஸிலிருந்து முன்னோக்கி மாற்றும்போது அடியில் ‘டங்’ என்று ஓர் அடி கேட்டால் ஷாஃப்டின் கிராஸ் எனப்படும் இணைப்பு தேய்ந்திருக்கலாம், இது மலிவான பழுது. டிஃபரன்ஷியலிலேயே ஆட்டம் இருந்தால் அது மலிவான பழுதல்ல. பின்சக்கரங்கள் இரண்டையும் ஒரே வேகத்தில் சுழல வைக்கும் பின் டிஃபரன்ஷியல் லாக் இருந்தால் அதையும் இதே மண்ணில் போட்டுப் பார்த்துவிட வேண்டும்.

நான்கு சக்கர இயக்கம் கட்டாயமா என்றும் சிலர் கேட்கிறார்கள். வெற்றுப் பிக்கப்பின் பின்பகுதி எடையற்றது. எஞ்சின் முன்னால் இருக்க, இழுக்க வேண்டிய சக்கரங்கள் பாரமில்லாமல் பின்னால் இருக்கின்றன. அதனால்தான் இரண்டு சக்கர இயக்கப் பிக்கப் ஈரப் புல்லில்கூடச் சுழன்று நின்றுவிடுகிறது. ஆயினும் டகோமாவின் பிரீரன்னர் ரகம் போல, நான்கு சக்கர வண்டியின் உயரத்தோடு இரண்டு சக்கர இயக்கம் மட்டும் கொண்ட பிக்கப்புகள் உண்டு. நல்ல டயரும் பின் லாக்கும் சேர்ந்தால் காய்ந்த மண்பாதைகளில் அவை ஆச்சரியப்படும் அளவு தூரம் போகும். உங்கள் பாதையில் சேறும் செங்குத்தான ஏற்றமும் இல்லையென்றால், இயந்திரச் சிக்கல் குறைவான அந்த வண்டியைப் பரிசீலிக்கலாம். சேறு உண்டென்றால் வேண்டாம்.

உடல்வாகில் பிக்கப்புக்கு ஒரு குறை உண்டு, அது எந்த மாடலிலும் தீராது. நான்கு கதவுப் பிக்கப்பின் முன், பின் ஆக்ஸில்களுக்கு இடையிலான தூரம் பொதுவாக 3 மீட்டருக்கு மேல். ஹைலக்ஸில் 3,085 மி.மீ., 2011இல் வந்த ரேஞ்சரில் 3,220 மி.மீ. மேட்டின் உச்சியைக் கடக்கும்போது நடு வயிறு தட்டும். பள்ளத்திலிருந்து ஏறும்போது நீண்ட வால்பகுதி தரையைக் கீறும். டிரெய்லர் இழுக்கும் கொக்கி பின்னால் தாழ்வாகத் தொங்கினால் இன்னும் மோசம். ஆகவே தரை இடைவெளி எவ்வளவு என்ற ஒற்றை எண்ணைப் பார்த்து மயங்காமல், பின்பம்பரின் அடிப்பகுதியிலும் கொக்கியிலும் உள்ள கீறல்களைப் பாருங்கள். வண்டி இதற்கு முன் எப்படிப்பட்ட இடங்களுக்குப் போயிருக்கிறது என்பதும் அங்கேயே தெரிந்துவிடும்.

வண்டி ஆழமான நீரில் இறங்கியிருந்தால் அதற்கும் அடையாளங்கள் உண்டு. ரேஞ்சருக்கு 800 மி.மீ., ஹைலக்ஸுக்கு 700 மி.மீ. ஆழம் வரை நீரைக் கடக்கலாம் என்று நிறுவனங்கள் சொல்கின்றன. ஆனால் அது நிதானமாக, ஒழுங்கான தரையில் கடப்பதற்கான அளவு. சூடான டிஃபரன்ஷியல் குளிர்ந்த நீரில் மூழ்கும்போது உள்ளிருக்கும் காற்று சுருங்கி, மூச்சுக்குழாய் அடைபட்டிருந்தால் சீல் வழியே நீரை உறிஞ்சிக்கொள்ளும். நீர் கலந்த எண்ணெய் பாலில் கலந்த காபி நிறத்துக்கு மாறிவிடும். டிஃபரன்ஷியலின் நிரப்பு மூடியைத் திறந்து ஒரு விரலால் தொட்டுப் பார்க்க விற்பவர் அனுமதிக்கிறாரா என்பதே ஒரு சோதனைதான். சீட் பெல்ட்டை முழுவதுமாக இழுத்து அதன் கடைசிப் பகுதியில் மண் கோடு இருக்கிறதா என்றும், இருக்கைத் தண்டவாளங்களில் துரு இருக்கிறதா என்றும், தரைவிரிப்பின் அடியில் ஈர வாடை வருகிறதா என்றும் பார்க்க வேண்டும். வெள்ளத்தில் நின்ற வண்டியின் மின்வயர்கள் தரும் தொல்லைக்கு முடிவே இருக்காது.

எஞ்சினைப் பற்றிப் பொதுவான குறிப்புகள் எங்கும் கிடைக்கும் என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். நீங்கள் வருவதற்கு முன் எஞ்சினைச் சூடாக்கி வைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். போனதும் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். குளிர்ந்த எஞ்சின்தான் உண்மை பேசும். ஹைலக்ஸின் பழைய 2.5, 3.0 லிட்டர் கேடி வரிசை டீசல் எஞ்சின்களில் வால்வுகளை இயக்கும் டைமிங் பெல்ட் உண்டு, 1,50,000 கி.மீ. அளவில் அதை மாற்ற வேண்டும், மாற்றியதற்கான ரசீது இல்லையென்றால் மாற்றவில்லை என்றே கொள்ள வேண்டும். டி-மேக்ஸின் 3.0 லிட்டர் 4ஜேஜே1 எஞ்சினில் செயின் இருப்பதால் அந்தச் செலவு இல்லை. துகள் வடிகட்டி உள்ள புதிய டீசல்கள் குறுகிய தூரமே ஓடினால் அடைத்துக்கொள்ளும். முந்தைய உரிமையாளர் நாள்தோறும் எவ்வளவு தூரம் ஓட்டினார் என்று கேட்பது அதனால்தான். 2005 முதல் 2010 வரையிலான ஆட்டோமேட்டிக் நிசான் ஃப்ரான்டியரில் ரேடியேட்டருக்குள் இருக்கும் குளிர்விப்பான் விரிசல் விட்டு, கூலன்ட் கியர் எண்ணெயோடு கலந்து கியர் பெட்டியையே பாழாக்கிவிடும் குறை பரவலாக அறியப்பட்டது. அந்த வண்டியில் ரேடியேட்டர் மாற்றப்பட்டதா என்பதே முதல் கேள்வி. கணினிப் பிழைகளைப் படிக்கும் சிறு கருவியைச் செருகிப் பார்ப்பதும் நல்லது. பிழைகள் எதுவும் இல்லாமல், வண்டியின் கணினி தானே செய்யும் தற்சோதனைகளும் முடிவடையாமல் இருந்தால், யாரோ அன்று காலையில்தான் அவற்றை அழித்திருக்கிறார்கள்.

உயர்த்தப்பட்ட சஸ்பென்ஷன், பெரிய டயர், முன்னால் எஃகு பம்பர், கூரையில் விளக்கு வரிசை என்று அலங்கரிக்கப்பட்ட வண்டிகளின் மேல் பலருக்கு ஈர்ப்பு. செலவு மிச்சம் என்று தோன்றும். நான் மாற்றம் எதுவும் செய்யாத வண்டியையே தேடச் சொல்வேன். முன்பக்கத்தை உயர்த்தும்போது முன்சக்கரங்களுக்கு விசையைக் கொண்டுபோகும் சிவி ஜாயிண்டுகள் வேலை செய்யும் கோணம் கூடி, ரப்பர் உறைகள் கிழிந்து, கிரீஸ் வெளியேறி, மண் உள்ளே போகிறது. பெரிய டயர் கியர் விகிதத்தை உயர்த்திவிடுவதால் வண்டி சோம்பேறியாகிறது, பிரேக்குக்கும் வேலை கூடுகிறது. அதைவிட முக்கியமாக, இவ்வளவு பணம் செலவழித்தவர் அதைப் பயன்படுத்தாமல் இருந்திருக்க மாட்டார். எஃகுக் காப்புத் தகடு நெளிந்திருப்பது அது தன் வேலையைச் செய்ததன் அடையாளம். கீழ்க்கரங்களும் ஷாக் அப்சார்பர் தாங்கிகளும் நெளிந்திருந்தால் காப்புத் தகடு போதவில்லை என்று பொருள்.

மிச்சமாகும் பணத்தை டயரில் போடுங்கள். இலேசான கரடுமுரடுக்கு வேறு எந்தச் செலவும் இவ்வளவு பலன் தராது. எல்லாத் தரைக்குமான டயர் போதும்; சேற்றுக்கென்றே வரும் முரட்டு டயர் தார்ச்சாலையில் இரைச்சலிடும், ஈரத்தில் பிடிப்பும் குறைவு. விற்பவர் போட்டிருக்கும் டயரின் பூ ஆழமாக இருந்தாலும் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கத்தைப் பாருங்கள்: 3516 என்றால் 2016ஆம் ஆண்டின் 35ஆவது வாரத்தில் தயாரானது. முதிர்ந்த ரப்பர் பார்வைக்கு நன்றாக இருந்தும் கல்லில் வெடிக்கும். சாலையில் 35 பி.எஸ்.ஐ. காற்றழுத்தம் வைத்திருப்பவர் சரளையில் 25 அளவுக்கும், மணலில் 18 அல்லது 20 அளவுக்கும் காற்றைக் குறைத்தால் அதே டயர் வேறு டயராக நடந்துகொள்ளும். திரும்பிச் சாலையில் ஏறும்போது காற்றடிக்கச் சிறு கம்ப்ரஸரும் வண்டியில் இருக்க வேண்டும்.

பெரும்பாலான பிக்கப்புகளில் ஸ்டெப்னி சரக்குப் பெட்டியின் அடியில் சங்கிலியிலோ கம்பியிலோ தொங்கும். அதை இறக்கும் கம்பியைச் செருகிச் சுற்றிப் பாருங்கள். பல ஆண்டு சேறும் துருவும் சேர்ந்து அது இறங்காமல் உறைந்திருப்பது மிகச் சாதாரணம், அதை அறிய வேண்டிய இடம் விற்பவரின் வாசல்தான். முன்னும் பின்னும் கயிறு மாட்டி இழுக்கத்தக்க உறுதியான கொக்கிகள் சேஸிஸோடு போல்ட் போட்டிருக்கின்றனவா என்றும் பார்த்துவிடுங்கள். கப்பலில் ஏற்றும்போது கட்டுவதற்காகக் கீழே பற்றவைத்த மெல்லிய வளையங்களை மீட்புக் கொக்கி என்று நம்பி இழுத்தால், அவை பிய்ந்து கண்ணாடியை நோக்கிப் பறக்கும். டிரெய்லர் மாட்டும் பந்துக் கொக்கியில் மாட்டி இழுப்பது அதைவிடவும் அபாயம்.

எல்லாம் பார்த்து வாங்கியபின் முதல் மண்பாதைக்குப் போகுமுன், எஞ்சினோடு கியர் பெட்டி, டிரான்ஸ்ஃபர் கேஸ், இரண்டு டிஃபரன்ஷியல்கள் ஆகியவற்றின் எண்ணெயையும் மாற்றிவிடுங்கள். முந்தையவர் மாற்றினேன் என்று சொன்னாலும் மாற்றுங்கள். வடிக்கும் மூடியின் காந்தத்தில் சாம்பல் நிறப் பசை படிந்திருப்பது இயல்பான தேய்மானம், துடைத்துவிட்டு மூடலாம். விரலில் தட்டுப்படும் அளவு உலோகத் துணுக்குகள் இருந்தால், அந்த டிஃபரன்ஷியலை மெக்கானிக் ஒருவர் திறந்து பார்க்கும்வரை வண்டி தார்ச்சாலையிலேயே இருக்கட்டும்.